நாத்தனாரின் வலது கை

1

இந்தக் கதையை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் நாத்தனாரின் வலது கை. அது உண்மையிலேயே தலைக்கு மேலே போகாதா, இல்லை போகாததுபோல் நடிக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நேரே கேட்டிருக்கலாம். நேரே கேட்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் கதை எழுதப் போகிறேன்?

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. நகரப் பேருந்தில் கண்டக்டர். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பா. புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். (‘தங்கிவிட்டாள்’ என்ற சொல்லில் என் மனசு தெரிகிறது. இருக்கட்டும். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?)

சில மாதங்களுக்கு முன் வேலையில் இருக்கும்போது அவளுக்குத் தோள்பட்டையில் அடிபட்டது. தசைநார் கிழிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை செய்தால்தான் கை பழையபடி ஆகும் என்றார் மருத்துவர். அடிபட்டது வேலையில்தான், அதனால் கை கெட்டது உண்மைதான் என்று போக்குவரத்துக் கழகம் ஒப்புக்கொண்டால் இழப்பீடு உண்டு. அறுவை சிகிச்சை அவர்கள் செலவு, விடுப்புக்குச் சம்பளம், அதன் பிறகு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒன்றும் கிடையாது. அதே கையோடு அதே பேருந்தில் ஏற வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

இவ்வளவுதான் விஷயம், ஒரு பத்தியில் முடிந்துவிட்டது. மீதிப் பக்கங்கள் முழுக்கச் சந்தேகம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“மாலை வெயிலில் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டபடி நின்றது. அவள் கண்களில் ஏதோ ஒரு—”

பேருந்து பெருமூச்சு விடுமா? மேலும், அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்தப் பேருந்தில் இல்லவே இல்லை. அடித்துவிட்டேன். அடித்ததை ஏன் உங்களுக்குக் காட்டுகிறேன் என்றால், மறைத்தால் வேறு எதையெல்லாம் மறைத்தேனோ என்று நீங்கள் நினைப்பீர்கள்.

அடுத்து ஒரு கட்டுரைபோல் தொடங்கிப் பார்த்தேன்:

“அடிபட்ட தொழிலாளியிடம் சட்டம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. காயம் வேலை நேரத்தில் ஏற்பட்டதா? வேலையின் காரணமாகவே ஏற்பட்டதா? இரண்டுக்கும் ஆமாம் என்று காட்ட வேண்டிய பாரம் அடிபட்டவர் தலையில்தான் வந்து விழுகிறது. கீழே விழுகிற நேரத்தில் சாட்சிக்கு யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்துவிட்டு விழ எவராலும்—”

இது பரவாயில்லை. ஆனால் இதில் பாப்பாவைக் காணோம். பாப்பா இல்லாமல் நான் யாரைச் சந்தேகப்படுவது?

அதனால் மூன்றாவது முறை, அவள் சொன்னதையே எழுதிவிட்டேன்.

“வண்டி ஃபுல் லோடு அண்ணி. பின் படிக்கிட்ட நின்னு டிக்கெட் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு கையில மிஷினு, ஒரு கையில சில்லறை. எவனோ ஸ்கூட்டர்ல குறுக்க பூந்துட்டான் போல. டிரைவர் அண்ணன் பிரேக் மேலயே ஏறி நின்னுட்டாரு. நான் அப்படியே போய்க் கம்பியில விழுந்தேன். தோள்ல டொக்குன்னு ஒரு சத்தம். அது எனக்கு மட்டும்தான் கேட்டுது.”

“கம்பியைப் புடிச்சிருக்கலாமே?” என்றேன்.

“எந்தக் கையால?” என்றாள்.

நல்ல பதில். நல்ல பதில்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. நானே நிறைய நல்ல பதில்களை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறேன்.

3

அவள் சொன்ன கதையில் ஒரு ஓட்டை இருந்தது.

அடிபட்டதும் ஒருவர் என்ன செய்வார்? வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவார். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம். பாப்பா என்ன செய்தாள்? சிதறிய சில்லறையைப் பொறுக்கினாள். விட்டுப்போன டிக்கெட்டுகளைப் போட்டாள். கடைசி நிறுத்தம்வரை போய், திரும்பி வந்து, மிச்சமிருந்த நடைகளையும் முடித்து, டிப்போவில் வசூலைக் கட்டி, மிஷினை ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தோள் கிழிந்தவள் எப்படி மிச்ச நடையை முடித்தாள் என்று கழகம் கேட்டது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அதையேதான் கேட்டேன்.

“பையில கலெக்‌ஷன் இருக்கு அண்ணி. பாதிப் பேருக்கு டிக்கெட் போடல. நடுரோட்டுல இறங்கினா பையை யாருகிட்ட குடுக்கறது? கணக்கு இடிச்சா திருடின்னு எழுதுவாங்க. அடிபட்டவ திருட மாட்டான்னு யாராவது சொல்வாங்களா?”

(இதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது என்று டிப்போ வாசல் டீக்கடையில் நின்ற வேறொரு கண்டக்டரிடம் நூல் விட்டுப் பார்த்தேன். “பையைக் கட்டாம எங்களால சாகக்கூட முடியாதுங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு, இவரும் பாப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பாரோ என்று தோன்றியது.)

இரண்டாவது ஓட்டை அந்த டிரைவர். பல வருடமாக அவளோடு ஒரே வண்டியில் ஓடியவர். எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்திருக்கிறார். அவர் விசாரணையில், “வழக்கம்போலத்தான் பிரேக் போட்டேன். கண்டக்டர் விழுந்ததை நான் பார்க்கவில்லை” என்று சொல்லிவிட்டார். திடீர் பிரேக் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால் கவனமில்லாமல் ஓட்டியதாக அவர் கழுத்துக்குக் கத்தி வரும். அன்று சாயங்காலம் அவர் பாப்பாவிடம் போனில் பேசியபோது நான் பக்கத்திலேயே நின்றேன். (ஒட்டுக்கேட்டேன் என்று எழுதுவதுதான் நேர்மை.)

“மனசுல வெச்சுக்காத பாப்பா. ரிட்டயர் ஆகற நேரம் எனக்கு.”

“பரவால்லண்ணே” என்றாள் அவள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைக் கைவிட்ட மனிதரிடம் யார் ‘பரவாயில்லை’ என்பார்கள்? ஒன்று, அவள் தெய்வப்பிறவியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவரை வாய் திறக்க விட்டால் வேறு ஏதாவது வெளியே வந்துவிடும் என்ற பயமாக இருக்க வேண்டும். தெய்வப்பிறவிகளை நான் கதையில் சேர்ப்பதில்லை.

4

ஆகவே, அவள் வீட்டில் இருந்த அத்தனை மாதமும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.

துணி காயப்போடும் கொடியைத் தாழ்த்திக் கட்டும்படி என் கணவரிடம் சொன்னாள். தலை பின்னுவதை விட்டுவிட்டு, இடது கையாலேயே முடியைச் சுருட்டி ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டாள். ரவிக்கை போடுவதை நிறுத்தி, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளுக்கு மாறினாள். எல்லாமே அடிபட்டவள் செய்கிற காரியம். அதுதான் எனக்கு உறுத்தியது. ஓர் இடத்தில்கூடத் தவறவே இல்லை. பாத்திரத்தை இவ்வளவு ஒழுங்காக அமைத்தால் பத்திரிகை ஆசிரியர் என்னிடம், “கொஞ்சம் செயற்கையா இருக்கே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஒரு நாள் சர்க்கரை டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினேன். வாங்க ஒன்றுமில்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். டப்பா கீழே இருந்தது. மேசையில் இரண்டு கப் காபி. ஒன்று எனக்காம். சர்க்கரை கச்சிதமாக இருந்தது. என்னை அதுவரை யாரும் அவ்வளவு இனிப்பாக அவமானப்படுத்தியதில்லை.

சாயங்காலம் என் கணவரிடம் கேட்டேன்.

“சர்க்கரை டப்பாவை நீங்களா கீழ எடுத்து வெச்சீங்க?”

“நான் ஆபீஸ்ல இருந்தேன். ஏன்?”

“சும்மாத்தான்.”

“சும்மாவா? நீ என்ன, அவளை வேவு பாக்கறியா?”

“கதைக்காக” என்றேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. கல்யாணமான நாளிலிருந்து அதை வைத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

5

இப்போது அந்தக் காட்சி. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டு எடுத்திருக்கவும் செய்யலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டு மறுபடி இங்கே வைக்கிறேன்.

பாப்பாவை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். உட்கார இடமில்லை. அவள் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின் படிக்கட்டின் பக்கத்தில் நின்றாள், வலது கையை வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். அந்த வண்டியின் கண்டக்டர் ஓர் இளவட்டம். முன்பக்கத்தில் யாரிடமோ சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூரையையொட்டி ஓட்டுநர்வரை போகிற பெல் கயிறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தடவை இழுத்தால் நிறுத்து, இரண்டு தடவை இழுத்தால் புறப்படு.

ஒரு நிறுத்தத்தில் பெரியவர் ஒருவர் பையோடு பின் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். கண்டக்டர் பின்னால் பார்க்காமலேயே இரண்டு தடவை இழுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது.

பாப்பாவின் வலது கை மேலே போனது.

தலைக்கு மேலே, கூரைவரை. கயிற்றை ஒரு தடவை இழுத்தது. வண்டி நின்றது. பெரியவர் தனக்கு என்ன நடக்க இருந்தது என்றே தெரியாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

[இந்த இடத்தில், “அந்தப் பெரியவரை நீங்களே உண்டாக்கி விட்டீர்கள், பாப்பாவை நல்லவளாகக் காட்டுவதற்காக” என்று நீங்கள் நினைத்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் வாசகியாக இருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். அவர் இருந்தார். ஆனால் கயிறு இழுபடாமல் போயிருந்தால் விழுந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. தானே குதித்து இறங்கியிருக்கவும் கூடும்.]

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

“யாரும்மா பெல் அடிச்சது? அவங்கவங்க இஷ்டத்துக்கு இழுக்கறதுக்கா கயிறு கட்டி வெச்சிருக்கு?”

நான் பாப்பாவைப் பார்த்தேன். கை அதற்குள் கீழே வந்து, பழைய இடத்தில் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தை வெளிப்பக்கம் திருப்பியிருந்தாள். பேருந்தே எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

“நான்தான்” என்றேன்.

“பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவர் இரண்டு தடவை இழுத்தார்.

ஏன் ‘நான்தான்’ என்றேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாசம் என்று எழுதத் தோன்றுகிறது. அவ்வளவு நல்லவளாக என்னை நானே நம்பவில்லை. கையும் களவுமாகப் பிடித்தது நான் மட்டும்தான், அந்தச் சங்கதி என்னிடம் மட்டுமே இருக்கட்டும் என்ற எழுத்தாளரின் பேராசையாகவும் இருக்கலாம்.

வீடு வந்ததும் அவள் நேரே பின்னறைக்குப் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவும் வரவில்லை.

6

அடுத்து வருகிறவர்மேல் உங்களுக்குக் கட்டாயம் நம்பிக்கை வராது. கழகத்திலிருந்து விசாரிக்க வந்தவர். மழைக்கான அறிகுறியே இல்லாத நாளில் நீளக் குடையோடு வந்தார். கதைக்காக நான் கொடுத்த குடை இல்லை, அவரே கொண்டுவந்தது. குடைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

பாப்பா பிசியோதெரபிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துக்கொண்டே கொடியின் உயரத்தைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், வாசலில் கிடந்த செருப்புகளைக்கூட விடவில்லை. எதிர்வீட்டில் ஏற்கெனவே வாயைப் பிடுங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

“நீங்க கதை எழுதறவங்களாமே?”

“ஏதோ கொஞ்சம்.”

“பகல் பூரா வீட்லதான் இருப்பீங்க, இல்ல? எழுதறவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதே.”

எனக்குள் எங்கோ குளிர்ந்தது. முதலில் பெருமையினால், பிறகு பயத்தினால். அவர் செய்வதும் நான் செய்வதும் ஒரே வேலை, அவருக்குச் சம்பளம் உண்டு, அவ்வளவுதான்.

“உங்க நாத்தனார் கையைத் தலைக்கு மேல தூக்கி நீங்க பார்த்திருக்கீங்களா?” என்றார், ஏதோ வெயில் எப்படி என்று கேட்பதுபோல.

“அடுப்புல ஏதோ தீயுது” என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பு அணைந்திருந்தது. திரும்பி வந்தபோது அவர் குடையைக் கையில் எடுத்திருந்தார். சிரித்தார்.

“விசாரணையில சொன்னாப் போதும்” என்றார்.

அப்படித்தான் நான் சாட்சியானேன். பாப்பாவின் தரப்புச் சாட்சி இல்லை, கழகத்தின் சாட்சி.

7

இந்த இடத்தில் கதை தானாக ஒரு முடிச்சுக்கு வந்துவிட்டது. ‘பார்த்தேன்’ என்றால் அவளுக்கு இழப்பீடு போகும், அறுவை சிகிச்சை போகும். ‘பார்க்கவில்லை’ என்றால் நான் பொய் சொல்கிறேன். ஒருவேளை அவள் மாதக்கணக்கில் நடித்திருந்தால், ஒரு பொய்க்கு என் பொய்யையும் சேர்த்துச் சுவர் எழுப்புகிறேன். எழுத்தாளருக்கு இது அருமையான முடிச்சு. அண்ணிக்கு அதில் ஓர் அருமையும் தெரியவில்லை.

கடைசியில் நேரே கேட்டேன். மத்தியானம். அவள் சமையலறையில் உட்கார்ந்து, ஒரு வெங்காயத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. கை மேல போகுமா போகாதா?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

“போகும் அண்ணி.”

வெங்காயத்தின் அடுத்த தோலை உரித்தாள்.

“போனா, அப்புறம் ராத்திரியெல்லாம் உக்காந்துக்கிட்டே இருக்கணும். படுக்க முடியாது. அன்னைக்கு பஸ்ல போச்சு. நானா தூக்கல, அதுவாப் போச்சு. வருஷக்கணக்கா இழுத்த கை. யாராவது படியில ஒரு காலோட நின்னா அது என்னைக் கேட்டுக்கிட்டா போகும்?”

“அப்ப அதையே அவங்ககிட்ட சொல்லிடேன்.”

“போகும்னு சொன்னா, அப்ப பஸ்ஸுக்குப் போம்பாங்க. போகாதுன்னு சொன்னா, இவ பொய் சொல்றான்னு நீங்க பாப்பீங்க. நான் யாருக்குன்னு சொல்றது?”

வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

“சர்க்கரை டப்பாவை மேல வெச்சது நீங்கதானே? ஸ்டூல் போட்டு ஏறி இந்த இடது கையால எடுத்தேன். ஏறும்போதே தெரியும், இது பரீட்சைன்னு. காபியில சர்க்கரை கம்மியாப் போட்டா டப்பா எட்டலன்னு நம்புவீங்களான்னுகூட யோசிச்சேன். அப்புறம் எதுக்கு அந்த அல்பத்தனம்னு விட்டுட்டேன்.”

“பாப்பா—”

“மேசை மேல வெச்சிருந்த உங்க பேப்பரையும் படிச்சேன் அண்ணி. ‘தங்கிவிட்டாள்’னு எழுதியிருக்கீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் எதையும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். உங்களை மனதில் வைத்துத்தான் எழுதினேன், அவளை நினைக்கவே இல்லை. அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“எடுக்காதீங்க. நீங்க அப்படித்தான் நினைச்சீங்க. அதை எடுத்துட்டா மத்ததையும் யாரும் நம்ப மாட்டாங்க” என்றாள்.

அதனால்தான் அது இன்னும் முதல் பகுதியில் இருக்கிறது.

8

விசாரணை அறையில் நீள மேசை ஒன்று, மூலையில் பழுதான நாற்காலிகள் அடுக்கு, யாரோ குடித்து வைத்த தண்ணீர் டம்ளர். மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. பக்கத்தில் குடைக்காரர், குடையை மடியில் வைத்துக்கொண்டு. எதிரே நாங்கள் இருவர். டிரைவர் வந்திருக்கவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். களைத்திருந்தார். அன்று அவர் கேட்க வேண்டிய கைகளும் முதுகுகளும் முழங்கால்களும் வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“ஒரே வீட்லதான் இருக்கீங்க. இவங்க வலது கையைத் தலைக்கு மேல தூக்கி நீங்க பார்த்திருக்கீங்களா?”

“அது வந்து சார், ஒரு நாள் பஸ்ல—”

“விளக்கம் அப்புறம். பார்த்தீங்களா, இல்லையா?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போனேன் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் கதை என்னைப் பற்றியதாகிவிடும். நான் நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. பாப்பா எழுந்துவிட்டாள்.

“அவங்களைக் கேக்காதீங்க சார். நானே காட்டறேன்.”

வலது கையைத் தூக்கினாள். தோள் மட்டம்வரை எளிதாகப் போனது. அங்கே நின்றது. பிறகு அவள் உடம்பு முழுவதும் இடது பக்கமாகச் சாய, கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. உதட்டைக் கடித்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. கை தலைக்கு மேலே போய் நின்றது.

“போகுது சார்” என்றாள். குரல் பிசிறியது. “போகவே போகாதுன்னு நான் ஒருநாளும் சொல்லல. ஒரு ஷிப்டுல எத்தனை ஸ்டாப்பு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இப்படிப் போகணும்.”

குடைக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார். கை மேலே போனபோது பார்த்தார், பிறகு பேனாவைப் பார்த்தார். நடுவில் அவள் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மேலே போன கையை அவளால் கீழே கொண்டுவர முடியவில்லை. அப்படியே நின்றாள். நான் எழுந்து போய் ஒரு கையால் முழங்கையையும் ஒரு கையால் மணிக்கட்டையும் தாங்கி மெல்ல இறக்கினேன். இத்தனை மாதம் அந்தக் கையை வேவு பார்த்திருக்கிறேன். தொட்டது அன்றுதான். சூடாக இருந்தது, கனமாக இருந்தது, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

(இதற்கு அடுத்த வாக்கியத்தைப் பல தடவை அடித்தேன், பல தடவை திரும்ப எழுதினேன். அழுதுகொண்டிருந்த அந்த நிமிடத்திலேயே, இப்படி நடுங்குவதையும் ஒருவரால் நடிக்க முடியுமோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது.)

9

முடிவு தபாலில் வரும் என்றார்கள். இதை எழுதும்வரை வரவில்லை. வரும் என்று நம்பி இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் இழப்பீடு கிடைக்கிறது. அறுவை சிகிச்சை நடக்கிறது. பாப்பா டிப்போவில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி, “எப்படியோ சாதிச்சுட்டாளே உங்க நாத்தனார்” என்கிறாள். நான் சண்டைக்குப் போகிறேன். (போவேனா?)

இரண்டாவது முடிவில், ‘கை முழு உயரத்துக்கும் செல்கிறது’ என்று ஒரு வரி வருகிறது. விடிகாலை முதல் வண்டி. பாப்பா பின் படிக்கருகில் நிற்கிறாள். யாரோ இறங்குகிறார்கள். கயிறு மேலே இருக்கிறது. அவள்—

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. எந்த முடிவையும் நான் தரப்போவதில்லை. இதை எழுதி அச்சுக்குக் கொடுப்பதிலேயே எனக்குப் பயம் இருக்கிறது. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த அலுவலகத்தில் வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். பக்கத்தில் ஒரு குடை சாய்த்து வைத்திருக்கலாம். அப்படி இருந்தால், ஐந்தாம் பகுதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எட்டாம் பகுதியையும் சேர்த்து எடுத்துப் போங்கள் என்று கெஞ்சுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

விசாரணைக்குப் பிறகு பாப்பாவின் கை இன்னும் மோசமாகிவிட்டது. இடது கையால் கிளிப் மாட்டுவதற்குக்கூட உடம்பைத் திருப்ப முடியவில்லை. ஒரு காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். “வாரி விடறீங்களா அண்ணி?” என்றாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான் என்று நினைக்கிறேன். இப்போது தினமும் நான்தான் அவளுக்குத் தலை வாரிப் பின்னி விடுகிறேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாருகிறேன். சிக்கு எடுக்கும்போது தலை லேசாக அசைந்தால்கூட அந்த முகம் சுருங்குகிறது. அவள் இன்னும் இங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கும் போய்விடக்கூடாது என்றும் நினைக்கிறேன். இதை அடைப்புக்குறிக்கு வெளியிலேயே எழுதுகிறேன்.

முடிவை நீங்கள் எழுதுங்கள். அந்த அறையில் நீங்களும் இருந்தீர்கள், நான்தான் உட்கார வைத்தேன். கை மேலே போனதைப் பார்த்தீர்கள், முகத்தைப் பார்த்தீர்கள். தபாலில் வர வேண்டிய வரியை உங்கள் கையால் எழுதுங்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால், அவள் அழுதுகொண்டு நின்றபோது உங்கள் மனதில் என்ன ஓடியது என்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள்.

ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் நம்ப மாட்டேன்.